பத்து நாள் ‘தாயே’... பதினோராம் நாள்? - குலசை தசராவில் சேலை கட்டும் ஆண்களும் சில கேள்விகளும்!

“ஏல, இந்த வருஷம் என்ன வேஷம்?”

புரட்டாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நலம் விசாரிப்பே இப்படித்தான் ஆரம்பிக்கும். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று பெங்களூரிலேயே தங்கிவிடும் பையன்கூட, தசராவுக்கு எப்படியாவது பஸ் பிடித்து வந்துவிடுவான். வந்ததும் அம்மாவின் பீரோவைத் திறந்து சேலையைத் தேடுவான். “அந்தப் பட்டுச் சேலையை மட்டும் தொடாதல” என்று அம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுப்பார். பீரோவைக் குடைபவன் மகளில்லை, மகன் என்பது அந்த வீட்டில் யாருக்கும் விநோதமாகப் படாது. குலசை பக்கம் அது அவ்வளவு சாதாரணம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஊர் குலசேகரன்பட்டினம். ஊர்க்காரர்களுக்குச் சுருக்கமாக குலசை. 1986-ல் மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் பனங்காடு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி பக்கத்து ஊர்ச் சரக்கு. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம் என்பது கணக்கு. ஆனால், ராக்கெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே குலசை பிரபலம். மைசூருக்கு அடுத்தபடியாக தசரா என்றால் இந்த ஊர்தான்.

ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கும் கோயில் அது. கொடியேறியதும் பக்தர்கள் கையில் காப்பு கட்டிக்கொள்வார்கள். அதன்பிறகு அவரவர் நேர்ந்துகொண்ட வேடத்தைப் போட்டு, வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை கேட்டுப் போவார்கள். சேர்ந்த காசு கோயில் உண்டியலுக்கு. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். மறுநாள் காப்பு களைந்து, வேடம் கலைத்து ஊர் திரும்புவார்கள்.

வேடங்களின் பட்டியல் நீளம். காளி, சிவன், முருகன், ராஜா, ராணி, குறவன், குறத்தி, போலீஸ், வக்கீல், டாக்டர், நர்ஸ், கரடி, குரங்கு, பிச்சைக்காரர்... நோய் தீர்ந்ததற்கு ஒருவர், பிள்ளை பிறந்ததற்கு ஒருவர், வேலை கிடைத்ததற்கு ஒருவர் என்று ஒவ்வொரு வேடத்துக்குப் பின்னும் ஒரு வேண்டுதல். ‘அம்மன் கனவில் வந்து இந்த வேஷம் போடச் சொன்னாள்’ என்பவர்களும் உண்டு. பெண்களும் குழந்தைகளும்கூட வேடமிடுகிறார்கள். ஆனால், மேளதாளத்தோடு வேனில் ஊர் ஊராகப் போகும் ‘தசரா செட்’களில் ஆண்கள்தான் மிகுதி. அதில் சேலை கட்டிய ஆண்கள் கணிசம்.

தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் ஓர் ஆண் சேலை கட்டி நடுரோட்டில் நடந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே லட்சக்கணக்கானவர்கள் கூடும் திருவிழாவில் அது பத்து நாள் நடக்கிறது. கும்பிடு விழுகிறது, காசு விழுகிறது, கூடவே சில சமயம் விசிலும் விழுகிறது. யாருக்குக் கும்பிடு, யாருக்கு விசில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காளிக்குக் கும்பிடு... நர்ஸுக்கு விசில்!

வேடங்களில் கடினமானது காளி. 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் சக்திக்கு ஏற்ப விரதம். மாலை போட்டவர்கள் குடிலில் தங்கி, ஒருவேளை பச்சரிசிச் சோறு சாப்பிட்டு, வெறுந்தரையில் படுப்பார்கள். பிறகு சிவப்புச் சேலை, சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், ஒட்டியாணம், முதுகுக்குப் பின்னால் கட்டிய மரக்கைகள், சூலாயுதம். புரட்டாசி வெயிலில் இத்தனை பாரத்தையும் சுமந்து தெருத் தெருவாகப் போக வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூட வீரப்பல்லைக் கழற்றியாக வேண்டும்.

அந்த வேடத்தில் ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால், ஊரின் பெரிய மனிதர்கூட எழுந்து நிற்பார். “தாயே” என்று காலில் விழுவார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொல்வார்கள். நேற்று வரை ‘ஏல’ என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர், இன்று ‘அம்மா’ என்பார். சொந்த மனைவிகூட வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கைகூப்பித்தான் நிற்பார்.

அதே செட்டில் இன்னோர் இளைஞர் நர்ஸ் வேடத்தில் இருப்பார். வேறொருவர் குறத்தி. இன்னொருவர் சுடிதார் போட்ட காலேஜ் பெண். இவர்களும் விரதம் இருந்தவர்கள்தான். இவர்கள் கையிலும் அதே காப்புதான். ஆனால், பஸ் ஸ்டாண்டில் இவர்களைப் பார்த்ததும் விசிலடிப்பவர்கள் உண்டு. “என்ன மச்சி, சூப்பரா இருக்க” என்று இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பவர்கள் உண்டு. செல்ஃபி எடுக்கிறேன் என்று தோளில் கை போட்டு, அந்தக் கை எங்கெங்கோ போவதும் உண்டு. உள்ளே இருப்பது ஆண் என்று கிள்ளுபவருக்கும் தெரியும். ‘சும்மா ஜாலிக்கு’ என்று முடித்துவிடுவார்.

உள்ளே இருப்பவரும் ஆண், வெளியே இருப்பதும் சேலை. ஆனால், தெய்வப் பெண்ணுக்கு ஒரு மரியாதை, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு மரியாதை. வேடத்துக்கே இதுதான் நடக்கிறது என்றால், நிஜ நர்ஸ் நைட் டூட்டி முடித்து அதே பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது என்ன நடக்கும் என்பதை யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால், ‘இதென்ன புதுசா?’ என்று சிரிப்பார்கள்.

சேலை சொல்லிக் கொடுக்கும் பாடம்

தசரா வேடத்தில் இன்னொரு வேடிக்கை, அது ஆண்களுக்குச் சில அன்றாட விஷயங்களைச் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. மடிப்பு வைத்துக் கட்டிய சேலையோடு மினி லாரியில் ஏறுவது லேசில்லை. சேஃப்டி பின் எங்கே குத்த வேண்டும், எங்கே குத்தினால் கிழியும் என்பது அக்காவோ, தங்கையோ, மனைவியோ சொல்லித் தந்தால்தான் தெரியும். முந்தானை சரிகிறதா என்று நொடிக்கொரு தரம் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இரண்டாம் நாளே வந்துவிடும். ஜாக்கெட்டில் பாக்கெட் இல்லை, செல்போனை எங்கே வைப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும்.

பெரிய பாடம் வேறு. வழக்கமாக ரோட்டோர வேலிக்காத்தான் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கிவிடும் ஆண்களுக்கு, சேலையும் ஒட்டியாணமும் கட்டிய பிறகு அது முடியாது. ஊர் ஊராகப் போகும் வழியில் கழிப்பறையைத் தேட வேண்டும். இருந்தால் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் பஸ்ஸில் பயணம் செய்யும் பல பெண்கள் வழக்கமாகச் செய்வது அது. பத்து நாளில் அதைக் கற்றுக்கொண்டவர்களில் எத்தனை பேர், அடுத்த முறை குடும்பத்தோடு காரில் போகும்போது, ‘எங்கேயாவது நிறுத்தட்டுமா?’ என்று கேட்கிறார்கள் என்பது அந்தந்த வீட்டுப் பெண்களுக்கே வெளிச்சம்.

விரதத்துக்கும் ஒரு வீட்டுக் கணக்கு உண்டு. குடிலில் தானே சமைத்துச் சாப்பிடும் ஆண்கள், வருடத்தில் அந்த நாள்களில்தான் அடுப்படி வேலையைத் தொடுகிறார்கள். குடில் இல்லாமல் வீட்டிலேயே விரதமிருப்பவர்கள் என்றால், அந்தச் சுத்தபத்தம் முழுவதும் பெண்களின் தலையில். அதிகாலையில் எழுந்து வீடு துடைத்து, குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து வைக்க வேண்டும். மாதவிலக்கு என்றால் ஒதுங்கியிருக்க வேண்டும், அல்லது அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெண் தெய்வத்தின் வேடத்துக்காக, வீட்டுப் பெண் வீட்டைவிட்டு விலகி நிற்கும் இந்த முரணைப் பற்றி இந்தத் தலைமுறைப் பெண்கள் வாய்விட்டே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘அம்மனே பொம்பளைதான...’ என்ற ஒற்றை வரிக்குப் பல வீடுகளில் இன்னும் பதிலில்லை.

சீதையாக நடித்த சிவாஜி

ஆண், பெண் வேடம் கட்டுவது நெல்லைச் சீமைக்குப் புதிதில்லை. சுடலைமாடன் கோயில் கொடைகளில் ஆடும் கணியான் கூத்தில், அண்ணாவி பாட, மகுடம் முழங்க, சலங்கை கட்டிப் பெண் வேடத்தில் ஆடுகிறவர்கள் ஆண்கள்தான். சாமியாட்டத்துக்கு முன் நிற்கும் கலை அது. பெண் வேடம் இல்லாமல் அந்தக் கூத்தே இல்லை.

நாடக மேடையிலும் அப்படித்தான். ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ எனப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பெரிய நடிகர்களை வைத்து நாடகம் நடத்துவதில் இருந்த தொல்லைகளைப் பார்த்துவிட்டு, சிறுவர்களைக் கொண்டு பாய்ஸ் கம்பெனி நடத்தினார். வள்ளியும் தெய்வானையும் சீதையும் அங்கே பையன்கள்தான். அவரிடம் பயின்ற டி.கே.சண்முகம் பின்னாளில் ஔவையார் வேடத்தில் நடித்து, ‘ஔவை’ என்ற அடைமொழியையே பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். சிவாஜி கணேசனின் ஆரம்பகால மேடை வேடங்களில் ஒன்று சீதை. கட்டபொம்மனாகக் கர்ஜித்தவர் முதலில் அசோகவனத்தில் அழுதவர்தான். அதற்காக அவரது ஆண்மையை யாரும் குறைத்துப் பேசியதில்லை.

சினிமா வந்தபிறகு கதை கொஞ்சம் மாறியது. சேலை கட்டிய ஆண் என்றாலே சிரிப்பு என்று ஆனது. 1995-ல் ‘ஆணழகன்’, 1996-ல் ‘அவ்வை சண்முகி’ இரண்டும் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்த படங்கள். டி.கே.சண்முகத்துக்கு மரியாதையாக கமல் வைத்த பெயர்தான் சண்முகி. 2016 ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்தது ‘ரெமோ’. சிவகார்த்திகேயன் அதில் நர்ஸ் வேடம். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை ஏமாற்றிக் காதலிக்க வைப்பதற்கான தந்திரமாக அந்த வேடம் பயன்படுகிறது. தியேட்டரில் கைதட்டல் அள்ளியது. இன்று டிவியில் அந்தப் படம் ஓடும்போது, ‘இது காதலா, பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறதா?’ என்று ஹாலில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண் கேட்கிறாள். ‘படத்தைப் படமா பாரு’ என்று அண்ணன் சொல்கிறான். இந்த வாக்குவாதம் நடக்காத வீடு குறைவு.

சிரிப்புக்கு வெளியே யோசித்த படங்களும் உண்டு. 2011-ல் ‘காஞ்சனா’வில் சரத்குமார் திருநங்கையாக வந்தார். ஆனால், பேயாகத்தான் வந்தார். 2019-ல் ‘சூப்பர் டீலக்ஸ்’ ஷில்பாவாக விஜய் சேதுபதி தேசிய விருது வாங்கினார். சிரிக்க வேண்டும், பயப்பட வேண்டும், இல்லையென்றால் விருது கொடுக்க வேண்டும்; திரையில் சேலை கட்டிய ஆண் உடலை நாம் இப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். குலசையில் இந்த மூன்றும் இல்லாமல், நேர்த்திக்கடனாக அது சாதாரணமாக நடந்துபோகிறது.

பரியனின் அப்பா

குலசைக்காரர்கள் சினிமா பேசும்போது ஒரு படத்தின் ஒரு காட்சி மட்டும் வேறு மாதிரி தைக்கும். 2018 செப்டம்பரில் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கும் பரியன், அப்பாவை அழைத்து வரச் சொன்னதும் முதலில் வேறு யாரையோ அப்பா என்று கூட்டி வருகிறான். பிறகு நிஜ அப்பா வருகிறார். கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடுபவர் அவர். கல்லூரி வளாகத்தில் அவரது வேட்டியை உருவி, ரோட்டில் ஓடவிடுகிறார்கள். அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அப்பாவாக நடித்தவர் நெல்லை தங்கராஜ். நிஜ வாழ்க்கையிலும் பல ஆண்டுகள் கிராமத்து மேடைகளில் பெண் வேடம் கட்டி ஆடிய கலைஞர். அந்த ஒரு படத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். 2023 பிப்ரவரியில் காலமானார்.

அந்தக் காட்சியில் அவரை ஓடவிடுவது சாதி வெறி. ஆனால், அதற்குக் கையில் கிடைத்த ஆயுதம் அவரது பெண் வேடம். ‘பொட்ட’ என்பது இன்றைக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து அரசியல் மேடை வரை ஆண்கள் ஒருவரையொருவர் குத்தப் பயன்படுத்தும் சொல். தசராவில் சேலை கட்டிக் காப்பு அணிந்தவனை ‘தாயே’ என்ற அதே வாய்தான், மேடையில் சேலை கட்டிப் பிழைக்கும் கலைஞனை இப்படி அழைக்கிறது. வேண்டுதலுக்குக் கட்டினால் சாமி, வயிற்றுக்குக் கட்டினால் கேலி. ஒரே மாவட்டம், ஒரே மனிதர்கள்.

குலசையிலும் சாதி இல்லாமல் இல்லை. சாதி அடையாளம் காட்டும் ரிப்பன், கொடி, பனியனோடு வரக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்று போலீஸ் அறிவிக்க வேண்டியிருக்கிறது. இரும்பில் செய்த நிஜ வாள், வேல் கூடாது என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. பிச்சைக்காரர் வேடம் போட்டால் தலைக்கனம் போகும் என்பது இந்த விழாவின் நம்பிக்கை. தலைக்கனத்தை விட்டுவிட்டு, ரிப்பனை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் அம்மன் என்ன நினைப்பாள்?

ஆடுபவள் மட்டும் ஆபாசமா?

தசரா செட்களுக்குள் போட்டி உண்டு. எந்த ஊர் செட்டில் மேளம் பெரிசு, எந்த செட்டில் லைட்டிங் பெரிசு என்பதோடு, எந்த செட்டில் ‘யாரு வர்றா’ என்பதும் பெரிய கேள்வி. சினிமா, சீரியல் முகங்களையும் டான்ஸ் குழுக்களையும் அழைத்து வருவது ஒரு கட்டத்தில் வழக்கமானது. கோயில் விழாவில் குத்துப்பாட்டுக்கு ஆடும் பெண்கள், கீழே செல்போனைத் தூக்கிப் பிடிக்கும் கூட்டம் என்று காட்சிகள் மாறின. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தசராவில் ஆபாச நடனம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

பக்தி விழாவில் இரட்டை அர்த்தப் பாட்டு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால், இதைப் பற்றிய ஊர்ப் பேச்சைக் கவனித்தால் ஒன்று தெரியும். திட்டு முழுவதும் ஆடிய பெண்ணுக்கு. ‘கோயில்ல வந்து இப்படியா ஆடுவா?’ என்பார்கள். அவளை அழைத்தது ஒரு கமிட்டி. பாட்டைத் தேர்வு செய்தது ஒரு கமிட்டி. உடையைச் சொன்னவர்கள், சம்பளம் பேசியவர்கள், முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், க்ளோசப்பில் வீடியோ எடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்த வீடியோ ஊரிலுள்ள அத்தனை போனுக்கும் போகும். விழா முடிந்ததும் கமிட்டிக்காரர் மளிகைக் கடைக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் இணையத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

கரகாட்டக் கலைஞர்கள் இதே கதையைப் பல ஆண்டுகளாக அனுபவிக்கிறார்கள். 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ ஓடு ஓடென்று ஓடியது. அந்தப் படத்தைக் கொண்டாடிய ஊர்களிலேயே, தலையில் கரகம் ஆடாமல் நிற்கும் வித்தையைவிடப் பாவாடையின் உயரத்தைக் குறைக்கச் சொல்லும் கூட்டம்தான் அதிகமானது. கலையைக் கெடுத்தது யார் என்று கேட்டால், கடைசியில் பழி கலைஞர் தலையில்.

கவனித்தீர்களா? ஆண், பெண் வேடமிட்டு ஆடினால் அது நேர்த்திக்கடன். பெண், பெண்ணாகவே ஆடினால் அது ஒழுங்குப் பிரச்னை.

வேடம் போட நாம்... வாழ அவர்கள்!

வேறொரு கேள்வியும் மெல்ல எழுந்திருக்கிறது. யாருடைய வாழ்க்கையை நாம் வேடமாகப் போடுகிறோம்?

குறவன்-குறத்தி வேடம் குலசையில் பழைமையானது. வள்ளி குறத்திதானே என்று பக்தியோடு போடுபவர்கள் உண்டு. ஆனால், மேடைகளில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் நடந்த கொச்சையான ஆட்டம் தங்களை இழிவுபடுத்துவதாக அந்தச் சமூகத்தினர் பல ஆண்டுகள் போராடினார்கள். 2023-ல் தமிழக அரசு அந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. வேடத்துக்கும் கேலிக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்பதை, வேடம் போடுபவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. யாருடைய உருவத்தைப் போடுகிறோமோ, அவருக்கும் அதில் சொல் உண்டு.

கர்நாடகத்தில் அண்மையில் இதே விவாதம் வேறு வடிவில் வந்தது. 2025 அக்டோபர் 2 அன்று ‘காந்தாரா சாப்டர் 1’ வெளியானது. தெய்வ வேடமிட்டு ரசிகர்கள் தியேட்டருக்கு வந்து ஆட, ‘அது வழிபாடு, விளையாட்டில்லை. தயவுசெய்து வேண்டாம்’ என்று படத் தயாரிப்பு நிறுவனமே கேட்டுக்கொண்டது. தற்செயலாக, அது விஜயதசமி நாள். அன்றைக்குத்தான் குலசைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான காளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். துளுநாட்டில் தெய்வக்கோலம் கட்ட அதற்கென்று பரம்பரையும் முறையும் இருக்கின்றன. குலசையில் மாலை போட்டு, விரதமிருந்து, காப்பு கட்டினால் யாரும் கட்டலாம். ஊருக்கு ஊர் முறை வேறு. ஆனால், இரண்டு இடத்திலும் ஒன்று பொது. நோன்பில்லாமல் போட்டால் அது வெறும் மேக்கப்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில், கொல்லம் மாவட்டம் சவறா கொட்டங்குளங்கரை தேவி கோயிலில் ‘சமயவிளக்கு’ என்ற விழா மார்ச் மாதம் நடக்கிறது. அங்கும் ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து, விளக்கேந்தி வருகிறார்கள். அந்த விழாவுக்குத் திருநங்கைகள் ஏராளமாக வருகிறார்கள். பயமில்லாமல் விரும்பியபடி உடுத்தி நிற்க வருடத்தில் கிடைக்கும் இரண்டு இரவுகள் அவை.

குலசைக்கும் திருநங்கைகள் வருகிறார்கள். காப்பு கட்டுகிறார்கள், ஆடுகிறார்கள், காணிக்கை சேர்க்கிறார்கள். அந்தப் பத்து நாள் கடைவீதியில் கவனித்துப் பாருங்கள். சேலை கட்டிய தசரா பக்தர் தட்டை நீட்டினால், கல்லாவிலிருந்து பத்தோ இருபதோ சந்தோஷமாக வரும். விழா முடிந்த மறுவாரம், அதே கடையில், வருடம் முழுக்கச் சேலை கட்டும் ஒரு திருநங்கை கை நீட்டினால்? முகம் திரும்பும். ‘வேலை செஞ்சு பிழைக்கலாம்ல?’ என்று அறிவுரை வரும். அவருக்கு அந்தக் கடையிலேயே வேலை கொடுப்பீர்களா என்று கேட்டால் பேச்சு மாறும்.

2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரல் 15. அதே ஏப்ரல் 15-ஐத் தமிழக அரசு திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறது. சட்டத்தில் வந்துவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் வரத்தான் நாளாகிறது.

காப்பு களைந்த பிறகு

சம்ஹாரம் நடக்கும் இரவில் கடற்கரையில் மணல் தெரியாது. முகத்தை மாற்றி மாற்றி வரும் மகிஷாசுரனை அம்மன் வதம் செய்யும்போது, கூடியிருக்கும் காளி வேடங்கள் எல்லாம் ஆவேசமாக ஆடும். மகிஷனின் கதையே ஒரு பெண்ணைக் குறைத்து எடைபோட்டவனின் கதைதான். பெண்ணால் மட்டுமே மரணம் என்று வரம் வாங்கிவிட்டு, பெண்ணால் என்ன செய்துவிட முடியும் என்று திமிராக இருந்தவன்.

2020-ல் கொரோனா காரணமாகப் பக்தர்கள் இல்லாமலே கோயில் வளாகத்துக்குள் சம்ஹாரம் முடிந்தது. அந்த வருடம் ஊர் எப்படி வெறிச்சோடியிருந்தது என்று இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். கோயிலுக்குள் நடக்கும் பூஜை மட்டும் இந்த விழா இல்லை. தெருவில் நடக்கும் வேடமும் சேர்ந்துதான் குலசை.

அந்த வேடம்தான் இந்தப் பக்கத்து ஆண்களுக்குக் கிடைத்திருக்கும் அபூர்வமான வாய்ப்பு. வேறு எந்த ஊர் ஆணுக்கும் சுலபத்தில் கிடைக்காதது. பத்து நாள் இன்னோர் உடம்பில் நடந்து பார்க்கலாம். முந்தானை சரிந்தால் எத்தனை கண்கள் திரும்புகின்றன, பூட்டிய கழிப்பறை வாசலில் நிற்பது எப்படியிருக்கும், ‘சும்மா ஜாலிக்கு’ ஒரு கை இடுப்பில் பட்டால் உடம்பு எப்படிக் கூசும் என்று அனுபவித்தே தெரிந்துகொள்ளலாம். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சொல்லித்தர முடியாது.

பதினோராம் நாள் காப்பைக் களைந்ததும், கிரீடமும் மரக்கைகளும் பரணுக்குப் போகும். அம்மாவின் சேலை துவைத்து மடித்து பீரோவுக்குத் திரும்பும். ஞாயிறு இரவு பெங்களூர் பஸ்ஸில் அந்தப் பையன் ஏறுவான். முன் சீட்டில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பின் சீட்டில் இருப்பவர் சீட் இடுக்கு வழியாகக் காலை நீட்டுவார்.

பத்து நாள் சேலை கட்டியவன் அப்போது வாயைத் திறக்கிறானா, இல்லை ஹெட்போனை மாட்டிக்கொள்கிறானா என்பதில்தான் இருக்கிறது அவன் போட்ட வேடத்தின் பலன்.